வளரும் தாடையில் வளராத உலோகம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் காட்டிய எக்ஸ்ரே படங்களும் இடையிடையே நடந்த உரையாடல்களும் விடப்பட்டுள்ளன.)



இந்தச் சொற்பொழிவுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மருத்துவப் பொருள் ஒன்றைத் தமிழில் பேச வேண்டும். மருத்துவர் அல்லாதவருக்கும் அது விளங்க வேண்டும். முதலாவது எனக்குச் சிரமமில்லை. இரண்டாவதில் எவ்வளவு தேறுவேன் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பல் இழந்த பிள்ளைகளுக்கு இம்ப்ளாண்ட் வைப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மேல் பல் கட்டும் முறை இது. நோயாளிகள் ‘ஸ்க்ரூ பல்’ என்பார்கள். கோடை விடுமுறை வந்தால் இந்தக் கேள்வியும் தவறாமல் வந்துவிடும். பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். கிரிக்கெட் பந்து பட்டோ சைக்கிளிலிருந்து விழுந்தோ மேல்வரிசை முன்பல் போயிருக்கும். அல்லது ஒரு பெண்பிள்ளை. முன்பல்லை அடுத்த சின்ன வெட்டுப்பல் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது, கிளிப் போட்டு இடம் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பா துபாயிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருப்பார். “செலவப் பத்தி யோசிக்காதீங்க டாக்டர். நான் திரும்பிப் போறதுக்குள்ள நிலையான பல்லா வெச்சுக் குடுத்துடுங்க” என்பார். “இப்போது வேண்டாம்” என்று சொன்னால் முதலில் அவருக்கு ஏமாற்றம், அடுத்து சந்தேகம். பக்கத்துத் தெருவில் வைக்கிறேன் என்கிறார்களே, இவருக்கு வைக்கத் தெரியாதோ என்று.

அந்த அப்பாவுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே ஒரு மணி நேரத்தில் சொல்லிப் பார்க்கிறேன். என் கட்சி இதுதான்: வளர்ச்சி முடியாத தாடையில் இம்ப்ளாண்ட் வைப்பதைத் தள்ளிப்போட வேண்டும், தள்ளிப்போடும் ஆண்டுகளில் எலும்பையும் ஈற்றையும் இடத்தையும் காப்பாற்றித் தர வேண்டியதும் அதே மருத்துவரின் வேலை. இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன். எல்லாம் ஒரே அளவாக இருக்காது. நான்காவது நீளும்.

1. வெற்றிக் கணக்கு யாருடையது?

1952-இல் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். அதற்காக டைட்டானியத்தால் செய்த சிறு நோக்குக் கருவி ஒன்றை எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் கருவி வரவில்லை. எலும்பு அதை விடாமல் பிடித்துக்கொண்டுவிட்டது. இரத்தத்தைப் பார்க்கப் போனவருடைய கவனம் அந்தப் பிடிப்பின் பக்கம் திரும்பியது. 1965-இல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்து அவற்றின்மேல் பல் கட்டினார். லார்சன் தாடைக் குறைபாட்டோடு பிறந்தவர், கீழ்வரிசையில் பல் இல்லாதவர். 2006-இல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்தத் திருகுகள் உழைத்தன. 1982-இல் டொரோண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு உலகம் முழுவதும் இந்த முறை பரவியது.

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். லார்சன் வளர்ந்த ஆள். அவரைத் தொடர்ந்து வந்த முதல் தலைமுறை நோயாளிகளும் பெரும்பாலும் பல் முழுவதும் போன நடுவயதினர், முதியவர்கள். இம்ப்ளாண்டுக்குப் பத்தாண்டு முடிவில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி என்று விளம்பரப் பலகைகளில் போடுகிறார்களே, அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கில் பெரியவர்கள்தான் இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்தக் கணக்கு எண்ணுவது ஒன்றே ஒன்றைத்தான்: திருகு எலும்பில் நிற்கிறதா, விழுந்துவிட்டதா? பதினாலு வயதில் வைத்த இம்ப்ளாண்ட் இருபது வயதில் பக்கத்துப் பற்களைவிட மேலே நின்றுபோய், சிரித்தால் ஈறு கோணலாகத் தெரிகிறது என்று வையுங்கள். திருகு ஆடவில்லை, வலியில்லை, சீழில்லை. கணக்குப் புத்தகத்தில் அது வெற்றி. கண்ணாடி முன் நிற்கும் அந்தப் பிள்ளைக்கு அது என்ன என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தியே கிடையாது.

2. பல் நகரும், திருகு நகராது

இயற்கைப் பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. பல் அதில்தான் தொங்குகிறது. தாடை வளர வளர, மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றைவிட்டொன்று விலகுகின்றன. அந்த இடைவெளியை ஈடுகட்டப் பற்கள் முளைத்துக்கொண்டே வருகின்றன. பல் வெளியே தெரிந்துவிட்டால் முளைப்பது முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். வேலை அதற்குப் பிறகும் நடக்கிறது. பல் இறங்கும்போது தன்னைச் சுற்றியுள்ள எலும்பையும் ஈற்றையும் கூடவே கொண்டுவருகிறது.

இதை நமக்குக் காட்டித் தந்ததே தாடையில் பதித்த உலோகம்தான். டென்மார்க்கின் ஆர்னே பியோர்க், கோப்பன்ஹேகனில் வளரும் பிள்ளைகளின் தாடை எலும்பில் தாண்டலம் என்ற உலோகத்தால் ஆன மிகச் சிறிய முள்களைப் பதித்தார். ஒன்றரை மி.மீ. நீளம்தான் இருக்கும். சிகிச்சைக்காகப் பதித்தவை அல்ல, அளவெடுக்க. எலும்புக்குள் அவை இருந்த இடத்தைவிட்டு அசையாததால், ஆண்டுதோறும் எடுத்த எக்ஸ்ரே படங்களை அந்த முள்களை வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, மற்றதெல்லாம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்க முடிந்தது. 1955-இல் இந்த முறையை அவர் வெளியிட்டார். பிற்பாடு அதே படங்களைக் கொண்டு 9 வயது முதல் 25 வயதுவரை பெண்பிள்ளைகளின் மேல் முன்பற்களை அளந்தபோது, அவை சராசரியாகச் சுமார் 6 மி.மீ. இறங்கியிருந்தது தெரிந்தது. ஒரு முன்பல்லின் வெளியே தெரியும் உயரம் ஏறக்குறைய 10 மி.மீ. அதில் பாதிக்கு மேல்!

பல்லுக்காக வைக்கும் டைட்டானியத் திருகுக்கும் பியோர்க்கின் முள்ளுக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடில்லை. திருகைச் சுற்றி நார்ப்படலம் கிடையாது. எலும்பு நேரே பிடித்திருக்கிறது. அந்தப் பிடிப்புதான் அதன் பலம், வளரும் வயதில் அதுவே வினை. நம் ஊர்த் தெருவில் தார்மேல் தார் போட்டு உயர்த்திக்கொண்டே போக, பழைய வீட்டு வாசல்படி பள்ளத்துக்குப் போய்விடுகிறதே, அந்த மாதிரி. வாசல்படி தாழவில்லை. அது வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வளரும் பன்றிகளின் தாடையில் இம்ப்ளாண்ட் வைத்துப் பார்த்தார்கள். பற்கள் நகர்ந்தன, இம்ப்ளாண்ட் நகரவில்லை. பிறகு பிர்கிட் திலாண்டரும் குழுவினரும் கோதன்பர்க்கில் பதின்ம வயதினருக்கு வைத்த இம்ப்ளாண்டுகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். திருகுகள் நன்றாகவே நின்றன. மேல் முன்பல் பகுதியில் மட்டும் பல் பக்கத்துப் பற்களின் வரிசைக்கு எட்டாமல் நின்றுபோனது.

வரிசை தப்பினால் திருகின்மேல் கட்டிய பல்லுறையை, அதாவது கேப்பை, மாற்றிக் கொஞ்சம் நீளமாகக் கட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். கட்டலாம். பல்லின் கீழ்விளிம்பு சரியாகிவிடும். ஆனால் மேலே ஈற்றின் விளிம்பு பக்கத்துப் பல்லின் ஈற்றைவிட உயரத்தில் நிற்கும், அதைக் கேப்பால் இறக்க முடியாது. சிரிக்கும்போது ஈறு தெரிகிறவர்களுக்கு இது முகத்தின் நடுவில் இருக்கும் குறை. சரி, எடுத்துவிட்டு வேறு வைக்கலாம் என்றால், எலும்போடு பிணைந்ததை எடுக்க எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கலாம்.

3. பதினெட்டு என்பது தாடையின் கணக்கு இல்லை

“அப்படியானால் பதினெட்டு முடிந்ததும் வந்துவிடுகிறோம்.” இதுவும் அடிக்கடி கேட்கும் வார்த்தை. பதினெட்டு என்பது வாக்குச் சீட்டுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அரசாங்கம் வைத்த எல்லை. தாடை எலும்பு அரசாணை படிப்பதில்லை.

முகம் ஓர் ஒழுங்கில் வளர்கிறது. அகலம் முதலில் முடிகிறது, பிறகு முன்பின் நீளம், கடைசியாக உயரம். இம்ப்ளாண்டைக் கெடுப்பது இந்தக் கடைசி உயரம்தான். பெண்பிள்ளைகளுக்குப் பதினேழு, பதினெட்டு வயதுவரையும், பையன்களுக்கு இருபதைத் தாண்டியும் அது நீடிக்கலாம். நீள முகம் உள்ளவர்களிடம் பற்கள் இறங்குவது கூடுதல். எனவே வயதைக் கேட்டு நாள் குறிப்பது ஜோசியம். செய்ய வேண்டியது, தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. மாற்றம் எதுவும் இல்லையென்றால் மேலே யோசிக்கலாம். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு முதிர்ச்சியைப் பார்ப்பதும் உண்டு. அது உடல் உயரத்தைப் பற்றி ஓரளவு சொல்லும், முகத்தைப் பற்றி உறுதி தராது. பையனின் செருப்பு அளவு இந்த ஆண்டும் மாறியதா என்று அம்மாவைக் கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. எக்ஸ்ரே எடுக்கத் தகுந்த நேரமா என்று அது சொல்லிவிடும்.

ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைத்துப் பேசினால் நியாயமாக இருக்காது. ஜெனீவாவில் 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேல் முன்பகுதியில் ஒற்றை இம்ப்ளாண்ட் வைத்த இரு பிரிவினரை ஒப்பிட்டது: பதினைந்தரை முதல் 21 வயதுவரை ஒரு பிரிவு, 40 முதல் 55 வரை மற்றொன்று. இளையவர்களிடம் பல் 0.1 முதல் 1.65 மி.மீ. வரை பின்தங்கியிருந்தது. மூத்தவர்களிடம் 0.12 முதல் 1.86 மி.மீ. வரை! அதாவது நாற்பதுக்கு மேலும் பற்கள் மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சிறு வயதில் படமெடுக்கப்பட்டவர்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்து மீண்டும் படமெடுத்த ரோல்ஃப் பெரன்ட்ஸ், முக எலும்புகள் வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாக மாறுகின்றன என்று 1985-இலேயே காட்டியிருந்தார்.

இதைக் கையில் எடுத்துக்கொண்டு சிலர், “எந்த வயதில் வைத்தாலும் இறங்கத்தானே போகிறது, பதினாறிலேயே வைத்தால் என்ன?” என்கிறார்கள். தவறான வாதம். பெரியவரிடம் நடப்பது பல ஆண்டுகளில் ஓரிரு மி.மீ.; வளர்ச்சி வேகத்தில் இருக்கும் பிள்ளையிடம் அந்த அளவு ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும், அதற்குப் பிறகும் நிற்காது. ஜெனீவா ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு: எந்த வயதில் வைத்தாலும், பின்னால் கேப்பை மாற்ற வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே சொல்லி, எளிதில் கழற்றக் கூடிய விதத்தில் கட்ட வேண்டும்.

4. காத்திருக்கும் காலத்தின் வேலைகள்

பல் போன இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை. பல் எடுத்த முதல் ஆண்டிலேயே அந்த இடத்து எலும்பின் அகலம் பாதியளவுக்குக் குறையக்கூடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். பதின்மூன்று வயதுப் பையனை “இருபதுக்கு மேல் வா” என்று வெறுமனே அனுப்பினால், அவன் வரும்போது திருகு வைக்க எலும்பே இருக்காது. ஆகவே “இப்போது வேண்டாம்” என்று சொல்லும் மருத்துவர், அடுத்த வாக்கியத்தில் “இப்போது செய்யப்போவது இது” என்று சொல்லியாக வேண்டும்.

முதல் வேலை பல் மருத்துவமனைக்கு வெளியே, விளையாட்டுத் திடலில் தொடங்குகிறது. அவையில் உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நிலைப்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தால் அதைத் தேடி எடுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியைப் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, பிள்ளையின் உமிழ்நீரிலோ, சலைன் இருந்தால் அதிலோ மெல்ல அலசிவிட்டு, அந்த இடத்திலேயே, அந்தக் குழியிலேயே திரும்பச் செருகுங்கள். கைக்குட்டையை மடித்துக் கடிக்கச் சொல்லி மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். செருகத் துணிவில்லையென்றால் குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். பால் பாக்கெட் கிடைக்காத தெருமுனை நம் ஊரில் இல்லை. காகிதத்தில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் மோசம். வேரின்மேல் ஒட்டியிருக்கும் நார்ப்படலத்தின் உயிரணுக்கள் காய்ந்தால் செத்துவிடும், ஒரு மணி நேரம் உலர்ந்தே கிடந்தால் அநேகமாக எதுவும் மிஞ்சாது. பால் பல்லாக இருந்தால் மட்டும் திரும்பச் செருகக் கூடாது. கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு அது கேடு.

தாமதமாக வந்த பல்லையும் பெரும்பாலும் திரும்ப வைக்கத்தான் செய்கிறோம். அது நார்ப்படலம் இல்லாமல் எலும்போடு நேரே ஒட்டிக்கொள்ளும், பிறகு எலும்பு மெல்ல மெல்ல வேரைத் தின்று அந்த இடத்தைப் பிடிக்கும். ஒட்டிய பல்லும் இம்ப்ளாண்டைப் போலவே நகராது, பையன் வளர வளரப் பின்தங்கும். ஆனால் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்வீடனின் பார்ப்ரோ மால்ம்கிரென் குழுவினர் 1984-இல் எழுதிய முறை அது. பின்தங்கத் தொடங்கியதும் பல்லின் மேல்பகுதியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, வேரை ஈற்றுக்கு அடியில் அப்படியே விட்டுவிடுவது. வேர் கரைந்து எலும்பாகும், மேலேயும் எலும்பு படரும், அகலம் காக்கப்படும். இருபது வயதுக்கு மேல் இம்ப்ளாண்ட் வைக்கும்போது திருகுக்கு இடம் தயாராக இருக்கும். பிடுங்கிப் போட்டிருந்தால் அந்த எலும்பு கிடையாது. பிடுங்குவது எளிது என்பதாலேயே நம் மருத்துவமனைகளில் இது அதிகம் செய்யப்படாமல் இருக்கிறது என்பது என் வருத்தம்.

அடுத்தது இடத்தையே மூடிவிடுவது. சின்ன வெட்டுப்பல் பிறவியில் இல்லாதவர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு, கோரைப்பல்லைக் கிளிப்பால் முன்னுக்கு நகர்த்தி, கூர்முனையைச் சீவி, பல் நிறப் பூச்சால் வடிவம் திருத்தி, இல்லாத பல்லின் இடத்தை நிரப்பிவிட முடியும். எல்லாம் சொந்தப் பல், எல்லாம் சேர்ந்தே வளரும், சேர்ந்தே முதுமையடையும். மேல்பற்களில் நெருக்கமோ துருத்தலோ இருக்கும் பிள்ளைக்கு இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். இடம் திறந்துவைத்து இம்ப்ளாண்டுக்குக் காத்திருப்பது அதற்கு அடுத்த தெரிவு. அப்படித் திறந்தே ஆக வேண்டிய வாய்களும் உண்டு. அங்கே சியாட்டில் நகரத்துப் பல்சீரமைப்பு நிபுணர் வின்சென்ட் கோக்கிச் சொன்ன உத்தி ஒன்று உதவும்: கோரைப்பல்லை முதலில் முன்பல்லை ஒட்டியே முளைக்க விட்டு, பிறகு அதைப் பின்னுக்கு நகர்த்துவது. பல் நகர்ந்துபோன தடத்தில் நல்ல அகலமான எலும்பு உண்டாகியிருக்கும்.

நான் மிகவும் மதிப்பது சொந்தப் பல்லையே இடம் மாற்றி நடுவது. கடைவாய்ப்பல்லுக்கு முன்னே இருக்கும் முன்கடைவாய்ப்பல்லை, வேர் பாதியோ முக்காலோ வளர்ந்திருக்கும் நிலையில், ஏறத்தாழப் பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள், பக்குவமாக எடுத்து முன்பல்லின் குழியில் நடுகிறார்கள். நார்ப்படலம் பிழைத்துக்கொண்டால் வேர் தொடர்ந்து வளரும், பல் தாடையோடு சேர்ந்து இறங்கும். ஆஸ்லோவில் இந்த முறை 1960-களிலிருந்து செய்யப்படுகிறது. அங்கே 17 முதல் 41 ஆண்டுகள் கடந்த பிறகு பரிசோதித்தபோது, நட்ட பற்களில் பத்துக்கு ஒன்பது வாயிலேயே இருந்தன. இதோடு ஒன்றைச் சேர்த்து யோசியுங்கள். நம் ஊரில் பல் நெருக்கத்துக்குக் கிளிப் போடும்போது, இடம் வேண்டி இதே முன்கடைவாய்ப்பற்களை அன்றாடம் எடுத்துக் குப்பையில் போடுகிறோம். ஒரு பையனுக்கு முன்பல் இல்லை, நெருக்கத்துக்காக வேறு பல் எடுக்கவும் வேண்டும் என்றால், அந்த இரண்டு குறிப்புகளும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டாமா? குழந்தைப் பல் மருத்துவரும் கிளிப் போடுபவரும் அறுவை மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் இது நடக்கும். மாணவர்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கை நுணுக்கம் வேண்டிய வேலை, திருகு வைப்பதைவிடக் கடினம், விற்பனைப் பிரதிநிதி யாரும் வந்து சொல்லித்தர மாட்டார்.

மேற்சொன்ன எதுவும் ஒத்துவராத இடத்தில் ஒட்டுப்பல். பக்கத்துப் பல்லைச் செதுக்கிக் கேப் போடாமல், அதன் உள்பக்கத்தில் மெல்லிய இறக்கை ஒன்றை ஒட்டி, அதில் இல்லாத பல்லைத் தாங்கவைப்பது. 1980-களில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பெயரால் பரவிய முறை. தொடக்கத்தில் உலோகத்தில் இரண்டு பக்கமும் இறக்கை வைத்தார்கள். ஒரு பக்கம் பசை விட்டுப்போனாலும் மறுபக்கம் பிடித்திருப்பதால் நோயாளிக்குத் தெரியாது, உள்ளே சொத்தை ஓடிவிடும். ஜெர்மனியின் கீல் நகரில் மத்தியாஸ் கெர்ன் செராமிக்கில், ஒரே ஒரு இறக்கையோடு செய்து பார்த்தார். பத்தாண்டு முடிவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நிலைத்திருந்தன. ஒற்றை இறக்கைக்கு வளரும் வாயில் இன்னொரு நன்மை: இரண்டு பற்களைச் சேர்த்துக் கட்டுவதில்லை, அவை தத்தம் போக்கில் நகரலாம். ‘இடைக்கால ஏற்பாடு’ என்று சொல்லி வைத்த ஒட்டுப்பல், இருபத்தைந்து வயதாகியும் நன்றாக இருக்கும்போது, அதை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைக்க வேண்டிய கட்டாயம் என்ன? நான் பல நேரம் அப்படியே விட்டுவிடுகிறேன்.

கழட்டி மாட்டும் பல் செட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிள்ளைகள் வெறுப்பார்கள், மதிய உணவு வேளையில் தொலைப்பார்கள், வளர வளரப் புதிதாகச் செய்ய வேண்டும். ஆனாலும் பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் முகத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

5. விதிவிலக்கு: சிந்துவிலிருந்து ஒரு குறிப்பு

இந்த விதிக்குள் அடங்காத பிள்ளைகள் சிலர் உண்டு: பிறவியிலேயே பெரும்பாலான பற்கள் இல்லாதவர்கள். டார்வின், வளர்ப்பு விலங்குகளும் செடிகளும் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்த தம் நூலின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இரண்டு தாடையிலும் சேர்த்து நான்கு சிறிய வெட்டுப்பற்களும் எட்டுக் கடைவாய்ப்பற்களும்தான். உடலில் முடி குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு பெரும் அவதி. பெண்மக்கள் யாருக்கும் இந்தக் குறை இல்லை, ஆனால் மகள் வழிப் பேரன்களுக்கு வந்தது. எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் நோய் என்பதை, அந்தச் சொல்லே இல்லாத காலத்தில் எழுதிவைத்த துல்லியமான குறிப்பு இது. காரணமான மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. வியர்வைச் சுரப்பிகள் சரியாக உருவாகாத இந்தப் பிள்ளைகள் நம் கத்திரி வெயிலில் காரணம் தெரியாத காய்ச்சலோடு முதலில் குழந்தை மருத்துவரிடம்தான் போவார்கள். பல் முளைக்கவில்லை, முளைத்ததும் கூம்பாக இருக்கிறது என்று எங்களிடம் வருவது அதற்குப் பிறகு.

பல்லே இல்லாத வாயில், பல்லோடு சேர்ந்து இறங்கும் எலும்பும் இல்லை. வரிசை தப்புவதற்கு வரிசையே கிடையாது. அதோடு கீழ்த்தாடையின் முன்பகுதி, பிறந்த முதலாண்டுக்குள் இரு பாதிகளும் இணைந்து, பிற்பாடு அந்த இடத்தில் மிகக் குறைவாகவே மாறுவது. எனவே இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும், கீழ்த்தாடையின் முன்பகுதியில் மட்டும், சிறு வயதிலேயே இரண்டு திருகுகள் வைத்துப் பல் செட்டை நிறுத்திவைப்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதிவிலக்கு. மேல்தாடையில் அப்படிச் செய்யக் கூடாது. அண்ணத்தின் நடுக்கோட்டில் இருக்கும் இணைப்பு பதின்ம வயதுவரை அகன்றுகொண்டிருக்கும். அதன் குறுக்கே இரு பக்கத் திருகுகளையும் கம்பியால் பிணைத்தால் தாடையின் அகலமே தடைப்படும்.

விதிவிலக்கும் எளிதான வழியில்லை. ஸ்வீடனில் இந்த நோயுள்ள ஐந்து சிறு பிள்ளைகளுக்கு வைத்த 14 இம்ப்ளாண்டுகளில் 9 விழுந்துவிட்டன என்று 2008-இல் எழுதினார்கள். அதே நாட்டில் அதே காலத்தில் மற்றப் பிள்ளைகளிடம் தோல்வி மிகக் குறைவு. தாடை எலும்பு அவ்வளவு சிறியது, அதனால்தான். இம்ப்ளாண்ட் பிறந்த நாட்டிலேயே இந்த நிலை. ஆகவே மூன்று, நான்கு வயதில் சாதாரணப் பல் செட்டில் தொடங்கி, பிள்ளைக்கு அது பழகி, எலும்பு போதும் என்று தெரிந்த பிறகே திருகைப் பற்றிப் பேச வேண்டும்.

6. மீதி அறுபது ஆண்டுகள்

எழுபது வயதுக்காரருக்கு வைக்கும் இம்ப்ளாண்ட் பதினைந்து ஆண்டு உழைத்தால் நிறைவு. இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு வைப்பது அறுபது ஆண்டு உழைக்க வேண்டும். அவ்வளவு நீளமான ஆய்வு உலகில் யாரிடமும் இல்லை. இம்ப்ளாண்டுக்கே ஏறக்குறைய இப்போதுதான் அந்த வயது ஆகிறது. இடையில் கேப் சில முறை மாறும். திருகைச் சுற்றி ஈற்றில் தொற்று வந்து எலும்பு கரையும் நோய், இயற்கைப் பல்லில் வருவதைவிட வேகமாகப் பரவும், வலியும் தராது. பிரஷ் போடுவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதும், புகையை விடுவதும் இங்கே அறிவுரையாகச் சொல்லப்படுபவை அல்ல, சிகிச்சையின் பகுதி. இதைச் செய்யத் தயாராக இல்லாத இளைஞனுக்கு வளர்ச்சி முடிந்திருந்தாலும் நான் அவசரப்பட மாட்டேன்.

கடைசியாக ஒரு சிறு காரியம், சிறியது என்பதாலேயே விட்டுப்போவது. ஒவ்வொரு நிறுவனத்தின் திருகுக்கும் உள்வடிவம் வேறு, அதைத் திறக்கும் சாவியும் வேறு. சென்னையில் வைத்த பல்லின் கேப் இருபது ஆண்டு கழித்துத் தோஹாவிலோ டொரோண்டோவிலோ ஆடத் தொடங்கினால், அங்கிருக்கும் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து எந்த நிறுவனம், எந்த அளவு என்று ஊகித்துத் தவிப்பார். வைத்த நாளிலேயே நிறுவனத்தின் பெயர், திருகின் விட்டம், நீளம், தொகுதி எண், வைத்த தேதி எல்லாம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியோடு வருவதுதான், தரமாட்டேன் என்று சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது. அதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்கிற உறைக்குள்ளேயே போட்டு வையுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.